மூளைப் பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும்: கலங்கிய கடலில் வாழும் ஒரு சிங்கப்பூர்வாசி

புக்கிட் பாஞ்சாங் இலகு ரயில் ஓடத் தொடங்கியது 1999 நவம்பர் 6ஆம் தேதி. அதே ஆண்டில், சிங்கப்பூரின் தெற்குத் தீவுகளில் ஏதோ ஒன்றின் ஓரமாக, குண்டூசித் தலையளவே இருக்கும் ஒரு பவளக் குஞ்சு பாறையில் ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். வெப்பம், வண்டல், கப்பல் நங்கூரம் எல்லாவற்றுக்கும் தப்பியிருந்தால் இன்று அது ஒரு காற்பந்து அளவுக்கு வளர்ந்திருக்கும். சற்றுக் கூடலாம், குறையலாம். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதே அதற்குப் பெரிய வேகம்.

அதன் பெயர் மூளைப் பவளம். உருண்டைக் கல்லின்மேல் வளைந்து நெளிந்து ஓடும் வரப்புகளும் பள்ளங்களும் மூளையின் மடிப்புகளைப் போலவே இருப்பதால் வந்த பெயர். பல பவள இனங்கள் இந்தப் பெயரைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றுள் சிங்கப்பூர்க் கடலில் வாழ்ந்து, இங்குள்ள ஆய்வாளர்களால் கவனிக்கப்பட்டுவரும் ஓர் இனத்தின் அறிவியல் பெயர் ‘பிளாட்டிஜைரா சைனென்சிஸ்’. மில்ன் எட்வர்ட்ஸ், ஜூல் ஐம் என்ற இரு பிரெஞ்சு விலங்கியலாளர்கள் 1849ல் அதற்குப் பெயர் வைத்தனர். ‘சைனென்சிஸ்’ என்றால் சீனத்தைச் சேர்ந்தது என்று பொருள். ஆனால் அது சீனக் கடலோடு நிற்பதில்லை. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் பரவியிருக்கிறது.

புக்கிட் பாஞ்சாங் என்ற மலாய்ப் பெயருக்கு நீண்ட குன்று என்று பொருள். பேட்டையின் உயர்ந்த புளோக்குகளிலிருந்து பார்த்தால் புக்கிட் தீமா காடு தெரியும். கடல் நினைவுக்கு வராது. ஆனால் சிஸ்டர்ஸ் தீவுகளின் பவளத்திட்டு இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். பவளம் பார்க்க மாலத்தீவுக்கும் தியோமானுக்கும் விமானச்சீட்டு, படகுச்சீட்டு வாங்குவோர் பலருக்கு, உள்ளூர்க் கடலில் ஏறத்தாழ 250 வகைக் கடினப் பவளங்கள் இருப்பது தெரியாது. உலகில் அறியப்பட்டவை 800க்கும் சற்று அதிகம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இனங்கள், பத்து சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் திட்டுகளில், உலகின் மிகப் பரபரப்பான துறைமுகங்களில் ஒன்றின் வாசலில் வாழ்கின்றன.

எப்படி வாழ்கின்றன, இனியும் வாழுமா என்பதற்கான விடை பெரும்பாலும் ஒரே ஒரு பொருளைச் சுற்றி வருகிறது: வெளிச்சம்.

மோதிரத்துப் பவளம் வேறு

தமிழர் வீட்டில் பவளம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நகை. சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் செவ்வாய்க்கு உரிய கல்லாக மோதிரத்தில் பதித்துத் தரப்படும் சிவப்புப் பவளம், நவரத்தினங்களில் ஒன்று. சங்கப் பாடல்களில் அதற்குத் ‘துகிர்’ என்று பெயர். அந்தப் பவளமும் கடலில் வாழும் விலங்கின் எலும்புதான். ஆனால் அது பாறை கட்டும் இனமல்ல. மத்தியதரைக் கடலின் குகைகளிலும் ஆழத்து மங்கலிலும் சிறு புதராக வளர்வது. அதன் ஒவ்வோர் உயிர்க்கும் எட்டு உணர்விழைகள் உண்டு. பாறை கட்டும் கடினப் பவளங்களுக்கு ஆறு, அல்லது ஆறின் மடங்குகள். நகைப் பவளத்துக்கு வெளிச்சம் தேவையில்லை. மூளைப் பவளம் வெளிச்சமின்றிப் பிழைக்காது. இரண்டும் தூரத்து உறவு, அவ்வளவே.

‘பவளக்கொடி’ என்ற பெயரே பவளத்தைச் செடியாகப் பார்த்த காலத்தின் எச்சம். நம் முன்னோர் மட்டும் அப்படி எண்ணவில்லை. ஐரோப்பிய அறிஞர்களும் 18ஆம் நூற்றாண்டுவரை அதைக் கடற்செடி என்றே நம்பினர். மார்செய் நகர மருத்துவர் பெசொனெல் 1720களில், பவளத்தின் ‘பூக்கள்’ உண்மையில் சிறு விலங்குகள் என்று கண்டு எழுதியபோது, பாரிஸ் அறிஞர்கள் அதை எளிதில் ஏற்கவில்லை.

வரப்புக்குள் வரிசையாக வாய்கள்

ஒரு பவள உயிரை உருவகப்படுத்திப் பார்ப்பது எளிது. சிறு பை. மேலே ஒரு வாய். வாயைச் சுற்றி உணர்விழைகள். இழைகளில் கொட்டும் உயிரணுக்கள். உணவு உள்ளே போவதும் கழிவு வெளியே வருவதும் அந்த ஒரே வழியாகத்தான். ஜெல்லி மீனும் கடற்சாமந்தியும் இதன் உறவினர்கள். வேறுபாடு ஒன்றுதான்: பவளம் தன் காலுக்கடியில் வீடு கட்டுகிறது. கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் பிரித்தெடுத்துச் சுண்ணாம்புக் கல்லாகப் படியவைக்கிறது. ஒரு தளம் முடிந்ததும் சற்று மேலேறி அடுத்த தளம். காலப்போக்கில் உயிர் இருப்பது மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் கனத்துக்கு மட்டுமே. கீழே உள்ள அத்தனையும் காலியான கல். மேல்மாடியில் மட்டும் ஆள் குடியிருந்து, கீழ்த்தளங்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கும் வீவக புளோக்கைப் போல.

பல பவளங்களில் ஒவ்வோர் உயிருக்கும் தனிக்கிண்ணம் உண்டு. மூளைப் பவளத்தில் அப்படியில்லை. பக்கத்துப் பக்கத்து உயிர்களுக்கு இடையிலான தடுப்புச் சுவர் ஒரு திசையில் எழுப்பப்படுவதே இல்லை. அறைகளுக்கு நடுவே உள்ள சுவரை எடுத்துவிட்டால் நீண்ட தாழ்வாரம் கிடைப்பதுபோல, பல உயிர்கள் ஒரே பள்ளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. வெளியே தெரியும் வளைவுகள் அந்தத் தாழ்வாரங்கள்தாம். கூர்ந்து பார்த்தால் பள்ளத்தின் நடுவே வரிசையாக வாய்கள் இருப்பது தெரியும். ஒரு மேட்டிலுள்ள அத்தனை உயிர்களும் முதலில் ஒட்டிய ஒரே குஞ்சு பிரிந்து பிரிந்து பெருகியவை. ஒரே உடல் என்று சொல்வதா, ஊர் என்று சொல்வதா என்பது அவரவர் விருப்பம்.

பகலில் சாதுவாக இருக்கும் இந்த மேடு இரவில் வேறு முகம் காட்டும். இருட்டியதும் உணர்விழைகள் நீண்டு, நீரில் மிதந்துவரும் நுண்ணுயிர்களைக் கொட்டிப் பிடிக்கும். பக்கத்தில் வேறு பவளம் நெருங்கி வளர்ந்தால், வழக்கத்தைவிட நீளமான இழைகளை அனுப்பி அதைச் சுட்டுத் தள்ளும். பவளத்திட்டில் நிலப் பற்றாக்குறை சிங்கப்பூரைவிட மோசம்.

உள்ளே குடியிருக்கும் பாசி

இரவு வேட்டையில் கிடைப்பது மூளைப் பவளத்துக்குப் போதாது. அதன் பெரும்பகுதி உணவு தசைக்குள்ளேயே தயாராகிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் பத்து லட்சம் அளவில் ஒற்றையணுப் பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு சர்க்கரை தயாரித்து, பெரும்பங்கை வீட்டுக்காரருக்குத் தருகின்றன. நல்ல வெளிச்சத்தில் வாழும் பவளங்கள் தங்கள் ஆற்றல் தேவையில் 90 விழுக்காடுவரை இப்படிப் பெறக்கூடும். பதிலுக்குப் பாசிக்குப் பாதுகாப்பும், பவளத்தின் கழிவிலிருந்து உரமும் கிடைக்கின்றன. பவளத்தின் பழுப்பு, பச்சை நிறங்களுக்கும் இந்தப் பாசி முக்கியக் காரணம்.

இந்த ஏற்பாட்டினால்தான் கல் கட்டும் வேலை வேகம் பிடிக்கிறது. பாசி இல்லாத பவளங்கள் ஆழ்கடலிலும் உண்டு. ஆனால் வெப்பமண்டலக் கடலில் தீவுகளையே தாங்கும் பாறையை எழுப்பியவை பாசியோடு கூட்டு வைத்தவை. அதற்கு அவை கொடுக்கும் விலை, வெளிச்சம் எட்டும் ஆழத்துக்குக் கீழே போக முடியாது என்பது.

தே-ஓ நிறக் கடல்

மாலத்தீவின் தெளிந்த நீரில் பவளம் பல பத்து மீட்டர் ஆழத்திலும் வளரும். சிங்கப்பூரில் நிலைமை வேறு. 1960களில் தெற்குக் கடலில் முக்குளித்தவர்களால் ஏறத்தாழ 10 மீட்டர் தொலைவு பார்க்க முடிந்தது. 1990களின் பிற்பகுதியில் அது 2 மீட்டர் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

காரணங்கள் பல. நிலமீட்புக்காகக் கடலில் கொட்டிய மண், கப்பல்வழியை ஆழப்படுத்தத் தோண்டியது, ஓயாத கப்பல் போக்குவரத்தால் அடிவண்டல் திரும்பத் திரும்பக் கிளறப்படுவது. 1960களில் 580 சதுர கிலோமீட்டரை ஒட்டியிருந்த சிங்கப்பூரின் நிலப்பரப்பு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. அந்த வளர்ச்சியில் பழைய பவளத்திட்டுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு மண்ணுக்கடியில் போனதாகக் கணக்கிடப்படுகிறது. வீடும் துறைமுகமும் விமான நிலையமும் வேண்டியிருந்தன. அவற்றின் விலை என்ன என்பதையும் அறிந்துவைப்பது நல்லது.

எல்லாப் பழியையும் உள்ளூர் மேல் போடவும் முடியாது. மே முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், சுமத்ராவின் கரிச்சதுப்பு நிலங்களிலிருந்து ஆறுகள் கொண்டுவரும் பழுப்பு நீர் சிங்கப்பூர் நீரிணைக்குள் கலக்கிறது. இலைச்சத்து கரைந்த அந்த நீருக்குப் பால் சேர்க்காத தே-ஓவின் நிறம். வண்டலைப் போல அது அடியில் படிவதில்லை; ஆனால் பாசிக்கு மிகவும் தேவையான நீல ஒளியை விழுங்கிவிடுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நீரோட்டம் திரும்பி, தென்சீனக் கடலின் நீர் வருகிறது. கடலின் நிறமும் மாறுகிறது. இந்த மாற்றத்தை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தெற்குத் தீவுகளருகே தொடர்ந்து அளந்து வந்துள்ளனர். முதிர்ந்த பவளங்களைத் துளையிட்டு எடுத்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்ற பட்டைகள் அவற்றின் கல்லுக்குள் இருக்கும். புற ஊதா ஒளியில் ஒளிரும் பட்டைகள் அந்தப் பழுப்பு நீர் வந்துபோன கதையையும் சொல்கின்றன.

இப்படிப்பட்ட நீரில் மூளைப் பவளம் தாக்குப்பிடிப்பது அதன் உடல்வாகினால். மேடான வடிவத்தில் வண்டல் தங்காமல் சரியும். மிஞ்சியதைச் சளியில் சுருட்டி, நுண்மயிர்களால் தள்ளி அப்புறப்படுத்தும். வெளிச்சம் குறைந்தால் இரவு வேட்டையால் ஓரளவு ஈடுகட்டும். மென்மையான கிளைகளைக் கொண்ட சில இனங்கள் அரிதாகிவிட்ட இடத்தில், மேடுகட்டிகளும் தட்டுத்தட்டாக வளர்பவையும் எஞ்சி நிற்பது இதனால்தான்.

ஆனால் தாக்குப்பிடிக்கவும் எல்லை உண்டு. 1986 முதல் 2012 வரை, 27 ஆண்டுகள், சிங்கப்பூரின் பவளத்திட்டுகளைத் தொடர்ந்து அளந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2016ல் வெளிவந்தன. 3, 4 மீட்டர் ஆழத்தில் உயிருள்ள பவளத்தின் பரப்பு முதலில் சரிந்தாலும் பிறகு மீண்டு வந்தது. நல்ல செய்தி. 6, 7 மீட்டரில் நிலைமை வேறு. அங்கு ஏறத்தாழ 13 விழுக்காடாக இருந்தது 2 விழுக்காட்டுக்கும் கீழே போனது, மீளவில்லை. தெளிந்த கடலில் 7 மீட்டர் என்பது ஆழமே அல்ல. இங்கு அது இருட்டு. சிங்கப்பூரின் பவளங்கள் கீழ்த்தளங்களைக் காலி செய்துவிட்டு, கடல்மட்டத்தை ஒட்டிய ஒடுக்கமான பட்டைக்குள் ஒதுங்கியிருக்கின்றன. குறைந்த ஆழத்தில் வெயிலும் சுடும் என்பதுதான் அதிலுள்ள சிக்கல்.

வண்டல் விவகாரம் பேட்டைவாசிகள் தினமும் கடந்துபோகும் ஒன்று. கட்டுமானத் தளங்களின் ஓரத்தில் துணி வேலியும் வண்டல் தொட்டிகளும் இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். தளத்திலிருந்து பொது வடிகாலுக்குள் விடப்படும் நீரில் மிதக்கும் துகள்கள் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. பொதுப் பயனீட்டுக் கழகம் அதைக் கண்காணிக்கிறது. புக்கிட் பாஞ்சாங்கின் பாங் சுவா கால்வாய் வடக்கு நோக்கி ஓடுவதால், அதன் நீர் நேராகத் தெற்குத் தீவுகளை எட்டாது. எனினும் விதி தீவு முழுவதற்கும் ஒன்றே. மழைக்குப் பிறகு ஒரு கால்வாய் ஏன் மைலோ நிறத்தில் ஓடுகிறது என்று கேட்பது, கடலைப் பற்றியும் கேட்கும் கேள்விதான்.

பௌர்ணமி கழிந்த மூன்றாம் இரவு

ஆண்டின் பெரும்பகுதி மூளைப் பவளம் பிரிந்து பெருகுகிறது. புதிய ஊர் தோன்ற வேண்டுமானால் முட்டையும் விந்தும் கலக்க வேண்டும். ஓரிடத்தை விட்டு நகர முடியாத உயிருக்கு அது எளிதல்ல. அதற்கு நிலவு உதவுகிறது.

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் பல பவள இனங்கள் ஒரே சில இரவுகளில் முட்டையிடுவது 1980களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. பருவ மாற்றம் அதிகமில்லாத பூமத்தியரேகைப் பகுதியில் அப்படி நடக்காது என்ற எண்ணம் அப்போது இருந்தது. சிங்கப்பூரில் வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் ஒன்றுபோல இருக்கும்போது, பவளம் எதை வைத்து நாள் குறிக்கும்? 2002ல் அந்த எண்ணம் தவறு என்று தெற்குத் தீவுகளில் முக்குளித்த ஆய்வாளர்கள் காட்டினர். பௌர்ணமிக்குப் பிந்திய மூன்றாம் இரவு முதல் ஐந்தாம் இரவுக்குள் குறைந்தது 18 இனங்கள் முட்டையிட்டது பதிவானது. மார்ச், ஏப்ரல் மாதங்களின் பௌர்ணமியை ஒட்டி இது நடக்கிறது. தமிழ் நாட்காட்டியில் அது பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமி. யீஷூன் பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் பங்குனி உத்திரக் காவடிகள் இறங்கிய சில நாள்களில், தெற்கே கடலுக்கடியில் இன்னொரு கூட்டம் கூடுகிறது.

மூளைப் பவளத்தில் ஒவ்வோர் உயிரும் ஆணும் பெண்ணும்தான். முட்டைகளையும் விந்தணுக்களையும் சிறு உருண்டைகளாகச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொள்கிறது. குறித்த இரவில், இருட்டிய சில மணி நேரத்தில், பள்ளங்கள் எங்கும் இளஞ்சிவப்பு மணிகள் எட்டிப் பார்க்கும். பிறகு மேலெழும்பி மிதந்து, நீர்ப்பரப்பில் உடைந்து, வேறு மேடுகளிலிருந்து வந்தவற்றோடு கலக்கும். ஒரே நேரத்தில் விடுவதால் மீன்கள் தின்று தீர்க்க முடியாது; துணை கிடைக்கும் வாய்ப்பும் கூடும்.

கருவுற்ற முட்டை சில நாள்களில் நீந்தும் குஞ்சாகிறது. அதனிடம் பாசி இல்லை. பிறகுதான் கடல்நீரிலிருந்து சேர்த்துக்கொள்ளும். நீரோட்டத்தில் அலைந்து, குடியேறத் தகுந்த கெட்டியான தரையைத் தேடும். பாறைமேல் இளஞ்சிவப்புப் பூச்சாகப் படரும் சுண்ணப் பாசியின் வாசனை அதற்குப் பிடித்த அடையாளம். அந்தப் பாறைமேல் மெல்லிய வண்டல் படலம் இருந்தால் போதும், குஞ்சால் ஒட்ட முடியாது. வளர்ந்த மேடு துடைத்துத் தள்ளிவிடும் தூசி, பிறந்த குஞ்சுக்குச் சமாதி. பெரிய பவளங்கள் உயிரோடிருப்பதை மட்டும் பார்த்துத் திட்டு நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. முதியவர்கள் மட்டும் வாழும் ஊருக்கும் இதே நிலைதான்.

வெளுப்பு

பாசியோடு செய்துகொண்ட ஏற்பாடு குலைவதற்குப் பெரிய வெப்பம் தேவையில்லை. வழக்கமான மிக வெப்பமான மாதத்தின் சராசரியைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தால் போதும். வெப்பமும் கடும் ஒளியும் சேரும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறி, நச்சான ஆக்சிஜன் சேர்மங்கள் உருவாகின்றன. பவளம் பாசியை வெளியேற்றுகிறது. நிறம் போய், கண்ணாடித் தசை வழியே வெள்ளைக் கல் தெரிகிறது. வெளுத்த பவளம் இறந்துவிட்டது என்று பலர் நினைக்கின்றனர். அது பட்டினி கிடக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி திரும்பும், தணியாவிட்டால் சாவு.

சிங்கப்பூரில் 1998ல் பெரும்பாலான பவளங்கள் வெளுத்தன. ஏறத்தாழ கால்பங்கு மடிந்ததாகக் கணிக்கப்பட்டது. 2010லும் 2016லும் மீண்டும் வெளுத்தன. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது பெருவெளுப்பு அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூலையில் சிங்கப்பூரின் பவள மேடுகளில் ஏறத்தாழ 44 விழுக்காடு வெளுத்திருந்தன. அவற்றில் பெரும்பாலானவை பின்னர் தேறின.

இங்குதான் கலங்கல் தன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. வெளுப்புக்கு வெப்பமும் ஒளியும் சேர வேண்டும். மங்கிய நீர் பவளத்துக்கு ஒரு குடைபோல வெயிலைத் தணிக்கிறது. மிதக்கும் துகள்கள் பட்டினிக் காலத்தில் உணவாகவும் உதவுகின்றன. 2010ல், மற்ற கடல்களில் முதலில் மடியும் கிளைப் பவளங்கள்கூடச் சிங்கப்பூரில் எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தாங்கின. 1998ன் வெப்பத்தில் பிழைத்தவை பழகிக்கொண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. மூளைப் பவளத்தின் நெருங்கிய உறவான இன்னோர் இனம் பாரசீக வளைகுடாவில் கோடையில் 34, 35 டிகிரி வெந்நீரில் வாழ்வதும் ஆய்வாளர்களை வியக்கவைத்திருக்கிறது.

இதை வைத்துக் கலங்கல் நல்லது என்று சொல்லக் கிளம்புவது அபத்தம். குடை நல்லதுதான், குடைக்குள்ளேயே ஆயுளைக் கழிக்க முடியாது. அடுத்தடுத்த வெளுப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி சுருங்கும்போது, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராத உயிருக்கு இழந்ததை ஈடுகட்ட நேரம் போதாது.

மன்னார் வளைகுடாவில்

தமிழர்களுக்கு மூளைப் பவளம் அந்நியமல்ல. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இதே பேரினப் பவளங்கள் வாழ்கின்றன. மண்டபத்தில் பணியாற்றிய சி.எஸ். கோபிநாத பிள்ளை இந்தியப் பவளங்களை வகைப்படுத்துவதில் முன்னோடி. பின்னர் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் அங்கு 117 இனங்களைப் பதிவு செய்தது.

அந்தக் கரையில் பவளம் கட்டுமானப் பொருளாகவும் இருந்தது. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் தேவாலயச் சுவர்களை நெருங்கிப் பார்த்தால் பவளக் கற்களின் துளைகள் தெரியும். பவளக் கல்லைக் காளவாயில் சுட்டால் சுண்ணாம்பு. சுவர்ப் பூச்சுக்கும் ஆலைகளுக்கும் அது வண்டி வண்டியாக அள்ளப்பட்டது. 2001ல் கடினப் பவளங்கள் இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன; 2005 வாக்கில் அள்ளுவது நின்றது. அந்த 21 தீவுகளில் இரண்டு இன்று கடலுக்கடியில் இருக்கின்றன. பவளத்தை அள்ளியது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அலையைத் தடுத்த மதிலை எடுத்துவிட்டால், பின்னால் இருந்த மண் எத்தனை நாள் நிற்கும்?

ஒரு லட்சம் பவளங்கள்

சிங்கப்பூரின் முதல் கடல் பூங்கா 2014ல் சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றி அமைக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 40 ஹெக்டர். லாசரஸ் தீவின் தென்பகுதியையும் கூசு தீவின் பவளத்திட்டையும் சேர்த்து இரண்டாவது பூங்கா அமைக்கும் திட்டம் 2024ல் அறிவிக்கப்பட்டது. துவாஸ் துறைமுக விரிவாக்கத்துக்கு முன்பு சுல்தான் ஷோல் பகுதியிலிருந்து 2,300க்கும் மேற்பட்ட கடினப் பவளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுத் தெற்குத் தீவுகளில் நடப்பட்டன.

இப்போது நடப்பது அதைவிடப் பெரியது. தேசியப் பூங்காக் கழகம் 2024 டிசம்பரில் தொடங்கிய ஒரு லட்சம் பவளத் திட்டம் குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு நீடிக்கும். இயற்கையாக முறிந்து கிடக்கும் துண்டுகளைச் சேகரித்து, செயின்ட் ஜான்ஸ் தீவின் தொட்டிகளிலும் கடலடி நாற்றங்கால்களிலும் வளர்த்து, பிறகு திட்டுகளில் நடுவது முறை. கிளைப் பவளங்களுக்கு இது எளிது. முறித்து நட்டால் முருங்கைபோல் தழைக்கும். மூளைப் பவளம் சோம்பேறி. ஆனால் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஓர் உத்தி கண்டறியப்பட்டது: மேட்டை நகத்தளவு சில்லுகளாக வெட்டினால், காயம் ஆற்றும் வேகத்தில் ஒவ்வொரு சில்லும் விரைவாகப் படரும். ஒரே மேட்டிலிருந்து வந்த சில்லுகளை அருகருகே ஒட்டினால், ஒன்றையொன்று அடையாளம் கண்டு இணைந்துவிடும்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது எவற்றை நடுகிறார்கள் என்பது. வேகமாக வளரும் இனங்களை மட்டும் நட்டால் ஒரு லட்சம் விரைவில் எட்டப்படும். அடுத்த வெளுப்பில் அவையே முதலில் போகவும் கூடும். மெதுவாக வளரும் மேடுகட்டிகளையும் சேர்த்து நடுவதே அறிவு. நட்டவை எப்போது பங்குனி இரவில் தாமாக முட்டையிடத் தொடங்குகின்றன என்பதைப் பார்த்துத்தான் திட்டத்தை அளக்க முடியும்.

நேரில் பார்க்க விரும்புவோருக்கு வழி எளிது. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து டௌன்டவுன் ரயிலில் நியூட்டன், அங்கிருந்து வடக்கு-தெற்குப் பாதையில் கடைசி நிலையமான மரினா சவுத் பியர். படகு அங்கிருந்து. மேம்பாட்டுப் பணிகளுக்குப் பிறகு பெரிய சிஸ்டர்ஸ் தீவு 2024 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. சிறிய தீவு ஆய்வுக்கும் பாதுகாப்புக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் மிகவும் வற்றும். அப்போது சில மேடுகள் முழங்கால் நீரில் தெரியக்கூடும். வழிகாட்டியோடு செல்வது நல்லது. மிதிக்கவோ தொடவோ கூடாது, கரையில் கிடக்கும் துண்டையும் எடுத்து வரக்கூடாது. சூரியத் திரைப் பசைக்குப் பதிலாக நீண்ட கைச்சட்டை போட்டுக்கொண்டால் பவளத்துக்கும் நல்லது, தோலுக்கும் நல்லது.